‘தெரியாது’ என்று சொல்ல போடிமெட்டுக்கு ஒரு பயணம்

மே கடைசி வாரம் போடிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல, தோழி மலர்விழிக்குத் துணையாக. ஏலச்செடியில் வரும் அழுகல் நோயை ஆராய்கிறவள் அவள். மண்ணில் ஒரு நல்ல பூஞ்சையைக் கலந்தால் அழுகல் குறைகிறதா என்று ஒரு வருடம் சோதித்துவிட்டு, விவசாயிகள் கூட்டத்தில் பேசினாள். ‘குறைந்திருக்கிறது. ஆனால் அது மழை இல்லாத வருடம், அடைமழையில் என்ன ஆகும் என்று தெரியாது’ என்றாள். யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்து, ‘ஆனால்’ முதல் மீதியை வெட்டிவிட்டு, ‘ஏலத்துக்கு இனி மருந்தே வேண்டாம்’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். மலை முழுக்கச் சுற்றியது அந்த வீடியோ. மழைக்கு முன்னால் அடிக்கும் மருந்தை இந்த வருடம் நிறுத்தப்போவதாக, போடிமெட்டுத் தோட்டக்காரர் அருள்ராஜ் அவளுக்கு போன் செய்து நன்றி வேறு சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “போன்ல சொன்னா நம்ப மாட்டாரு, வா போவோம்” என்றாள்.

மதுரையிலிருந்து தேனி வழியாகப் பேருந்தில் இரண்டரை மணி நேரம். இரவு போடியில் தங்கிவிட்டு, காலை ஐந்தரைக்குத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறினோம். அருள்ராஜ் சொல்லிவைத்திருந்ததால் இடம் கிடைத்தது, ஆளுக்கு நூறு ரூபாய். மெட்டு வரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் என் முழங்கால் எது, அடுத்தவர் முழங்கால் எது என்று எனக்கே குழம்பிவிட்டது.

டிரைவர் கண்ணாடியில் மலரைப் பார்த்துவிட்டார். “அக்கா, வீடியோவுல வந்தவுகதான நீங்க? இனி மருந்து லோடே கிடையாதுன்னு எம் பொழப்புல மண்ணப் போட்டீகளே!” என்று சிரித்தார்.

எங்களுக்கு எதிரே பாண்டியம்மா. அருள்ராஜ் தோட்டத்தில் மருந்து கலக்குகிறவர். சட்டென்று மலரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆத்தா, நீ நல்லாருக்கணும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக் கலக்கி, சோத்துல கைய வச்சாலே எரியுது. இந்த மழைக்குத் தப்பிச்சேன்.”

நானாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். மலர் பிடித்த கையை விடவில்லை. “அக்கா, அந்த வீடியோவுல பாதிப் பேச்சுதான் இருக்கு. நான் சோதிச்ச வருசம் மழையே இல்ல. நல்ல மழையில அது தாங்குமான்னு எனக்கே தெரியல. மருந்த நிறுத்தச் சொல்லி நான் சொல்லலக்கா.”

பாண்டியம்மா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அருள்ராஜுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை, மேலே குத்தகைத் தோட்டம். தோட்டத்தில் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து உபசரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் கொதித்துவிட்டார். “பலிக்குமா பலிக்காதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

“தெரியலண்ணே.”

“தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

“தெரிஞ்ச மாதிரி ஒரு சேதி வந்துருச்சுல்ல, அதான் நானே வந்தேன்.”

பிறகு அவளே கேட்டாள். “ஓடை ஓரமா ஒரு சின்னத் துண்டு மட்டும் விடுங்கண்ணே. அங்க பூஞ்சை மட்டும் போடுவோம், மத்த எடத்துக்கு எப்பவும் போல மருந்தடிங்க. அந்தத் துண்டு அழுகினாலும் அழுகலாம், இப்பவே சொல்லிப்புடுறேன்.”

“அழுகிட்டா?”

“அழுகிருச்சுன்னு ஊருக்கே சொல்லுவேன்.”

அருள்ராஜ் ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். “சரி, வெரசா எடத்தக் காட்டுங்க. சோலி கெடக்கு” என்றார்.

ஆராய்ச்சிச் சேதியைச் சுருக்குகிறவர்கள் ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அருள்ராஜின் ஒரு வருட விளைச்சல் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தொழிலாளர் ஜீப்பில் நீங்களாகப் போய் இடம் கேட்காதீர்கள், அது ஒருவருடைய அன்றைய வேலைக்கான இடம். மூணாறு பேருந்து மெட்டு வழியாகத்தான் போகிறது. மே மாதமானாலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். வளைவுகளில் வயிறு புரட்டும், இட்லியைக் கீழேயே முடித்துவிடாமல் மேலே போய்ச் சாப்பிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, மூடுபனி, சில சமயம் மண்சரிவு. அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது பாண்டியம்மா டிரம்மில் மருந்து கலக்க ஆரம்பித்திருந்தார். மழை வலுத்தால் இன்னும் பல தடவை கலக்க வேண்டியவர் அவர்தான். மலரைக் கூப்பிட்டார்.

“அது தாங்குமா தாங்காதான்னு எப்பத்தான் ஆத்தா தெரியும்?”

“நல்ல அடைமழை பேஞ்சாத்தான்க்கா தெரியும்.”

மயில்துத்த நீலம் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“அப்பப் பேயட்டும். இந்த வருசமே பேஞ்சு தொலையட்டும்.”