மூன்றாம் வீட்டுக் கூவல்

யுத்த காலத்தில், சிதம்பரத்தில், செய்தி நேரமானால் எங்கள் ரேடியோ கீச்சென்று கூவும். கடலூரிலிருந்து வந்த ரிப்பேர்காரர் இடக்காதைப் பொத்திக்கொண்டு வலக்காதால் மட்டும் கேட்டார். பெட்டியில் பழுதில்லை என்று தெருவில் இறங்கினார். பின்னால் நானும் போனேன். மூன்றாம் வீட்டு ஜன்னலருகே நின்றார். உள்ளே ஒரு பெண் தன் ரேடியோவின் குமிழைத் திருகிச் சிங்கப்பூரைத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே போன கணவனிடமிருந்து கடிதம் வருவது நின்று இரண்டு வருஷம்.

“அவுங்க ஜாஸ்தி திருகுறதால அந்தப் பொட்டியே அலை விடுது, அதான் உங்க பொட்டி கூவுது சார்.”

“திருகாதீங்கன்னு சொல்லுங்களேன்.”

“நீங்க சொல்லுங்க. எனக்கு வாய் வரல” என்று கிளம்பிவிட்டார்.

நானும் சொல்லவில்லை. அவரைப் போலவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு தினமும் அந்தக் கூவலைக் கேட்டேன். ஒரு மாலை கூவல் இல்லை. செய்தி தெளிவாக வந்தது. மற்றக் காதையும் பொத்திக்கொண்டேன்.