பாரிஸில் மனிசி, அமெரிக்காவில் வரி

பிரெஞ்சில் வரிக்கு ‘அம்போ’ என்று பெயர்; அமெரிக்க வரிப் பத்திரத்தோடு, பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், என் கதவைத் தட்டுகிறவர்கள், அந்தச் சொல்லின் தமிழ் அர்த்தப்படியே அம்போவென்று வந்து நிற்கிறார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை இருந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வருடாவருடம் அந்த நாட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதோடு வேறு நாட்டுக்காரரைக் கலியாணமும் கட்டி, அவர் வேறு நாட்டிலேயே இருந்துவிட்டால், பத்திரத்தின் முதல் கேள்வியிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும்: தனி ஆளா, சேர்ந்தா, பிரித்தா?

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நியூ ஜெர்சியில் வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமையும் எடுத்து, அங்கே ஒரு வரி அலுவலகத்தில் தொழில் பழகி, பாரிஸ்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு டிக்கெட் ஏஜென்சியின் பின்னறைதான் என் அலுவலகம். ஆகவே, இதை வாசித்துப் பெருமூச்சு விடப்போகிற உங்களைப் போல நானும் பாதிக்கப்பட்டவள்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கிறது ஆர்?

சுகந்தி இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தாள். அவளுடைய கணவர் பாலேந்திரன் அமெரிக்கக் குடிமகன், நியூ ஜெர்சியில் ஆய்வுகூட வேலை. அவளை அங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டு, விசா நேர்முகத்துக்கு நாள் வந்திருந்தது. அவர் லீவில் இங்கே வந்திருந்த நேரம், கடதாசிகளெல்லாம் சரியா என்று ஒருமுறை பார்த்துத் தரச்சொல்லி இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவருடைய பழைய வரிப் பத்திரங்களைப் புரட்டிய எனக்குத் திக்கென்றது. கலியாணம் முடிந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் ‘சிங்கிள்’ என்றே போட்டிருந்தார். ஒரு அரசாங்க அலுவலகத்தில் ‘இவள் என் மனைவி’ என்கிறார், அடுத்த அலுவலகத்தில் ‘நான் தனிக்கட்டை’ என்கிறார். இதோடு நேர்முகத்துக்குப் போனால் அந்தக் கலியாணத்தையே சந்தேகப்படுவார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டாள். “சிங்கிளோ? அப்ப இஞ்சை பக்கத்திலை இருக்கிறது ஆர்?” அவருக்கு முகம் கறுத்துப்போனது. “மனிசி நாட்டுக்குள்ளை இல்லாட்டி கணக்கில்லை எண்டு ஒரு ஃபிரெண்டு சொன்னவன். சத்தியமா வேறை ஒண்டும் இல்லை” என்றார். அவள் அவரை நம்பினாளா என்பது அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கி, யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

“இது திருத்தக்கூடிய பிழை” என்று இருவருக்கும் சொன்னேன். நடந்ததும் அதுதான். பழைய பத்திரங்களையெல்லாம் ‘மணமானவர், தனித்தனிக் கணக்கு’ என்று மாற்றி அனுப்பினோம். கூடுதல் வரியை வட்டியோடு கட்டினார், முணுமுணுக்கவில்லை. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டார்கள். திருத்திய பிரதிகளைக் காட்டினாள், விசா கிடைத்தது. பயணம் சொல்ல வந்தபோது சுகந்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அங்கை போய் இறங்கினவுடனை முதல் வேலை, அக்கா, அந்த ஃபிரெண்டைப் பாக்கோணும்!”

சேர்ந்தா, பிரித்தா?

றஞ்சனுக்கு லா சப்பலில் நகைக்கடை. அவர் கட்டிய வித்யா கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பெண், கலிபோர்னியாவில் வளர்ந்தவள், அமெரிக்கக் குடிமகள். ‘பிரித்து’ என்ற சொல்லை நான் சொன்னதுதான் தாமதம், றஞ்சன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “கலியாணம் கட்டி ஒரு வருசமும் ஆகேல்லை, பிரிவோ? என்ன கதை அக்கா இது?” வித்யா அவருடைய கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “ஐயோ, அது வெறும் டாக்ஸ் வார்த்தைப்பா. டிவோர்ஸ் இல்ல!”

நான் நிதானமாக விளக்கினேன். அவள் மட்டும் தன் கணக்கைச் சொன்னால் அவள் வருமானத்தோடு கதை முடிந்துவிடும். சேர்ந்து போடுவதாக இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால், அவர் ஒருநாளும் கால் வைக்காத அமெரிக்காவுக்கு அவருடைய நகைக்கடை வருமானத்தையும் வருடாவருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே கட்டிய வரிக்குக் கழிவு கிடைக்கும், ஆனால் கணக்கு எழுதுகிற தலையிடி கழியாது. சில குடும்பங்களுக்கு அது லாபம், இவர்களுக்கு இல்லை. றஞ்சன் மோதிரத்தை ஒருமுறை சுழற்றினார். பிறகு சொன்னார்: “சரி அக்கா, வீட்டிலை ஒண்டா இருக்கிறம், கடதாசியிலை பிரிச்சுப் போடுங்கோ.”

ஒட்டின கவர்

கௌசியின் விஷயம் நேர்மாறு. அவள் கணவனுக்கு டெக்சாஸில் நல்ல சம்பளம், அவளுக்கு இங்கே அரைநேர வேலை. சேர்ந்து போட்டால் அவர்களுக்குத்தான் நன்மை. அதற்கு அவளுக்கும் ஒரு அமெரிக்க வரி இலக்கம் வேண்டும். அதற்காக அசல் பாஸ்போர்ட்டையே அமெரிக்க வரி இலாகாவுக்குத் தபாலில் அனுப்பச்சொல்லிக் கணவன் சொல்லியிருந்தான். விலாசம் சரியா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள். ஒட்டின கவர் கையில் இருந்தது.

நான் கவரை வாங்கி, கத்தரிக்கோலை எடுத்து, வெட்டித் திறந்தேன். கௌசி பதறிப்போனாள். பாஸ்போர்ட்டை நேரில் பார்த்து உறுதிப்படுத்தி, நகலை மட்டும் அனுப்ப அந்த இலாகாவே தந்த அனுமதி என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். அவள் கணவனுக்கு போன் போட்டாள். “அங்கை ஒரு ஆள் பாத்துச் சொன்னாக் காணுமோ? பிறகு திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது?” என்று அவன் கத்தினது எனக்கும் கேட்டது. போனை வாங்கி, “காணும் தம்பி, அதுவே போதும். திரும்பி வந்தா என்னைக் கேளும்” என்று வைத்துவிட்டேன். பாஸ்போர்ட் அவள் கைப்பைக்குள் போனது.

அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்தில் அவள் தகப்பனுக்கு நெஞ்சுவலி. முன்னறையில் டிக்கெட் போட்டுக்கொண்டு அழுதழுது நின்றவள், என்னைப் பார்த்ததும் கையை மட்டும் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் தகப்பனோடு கொஞ்ச நாள் இருக்கக் கிடைத்தது. அவர் கதைத்தாராம், இவள் கையால் கஞ்சி குடித்தாராம். அதன் பிறகுதான் போனார். எல்லாம் முடித்து அவள் திரும்பி வந்தபோது வரி இலக்கக் கடிதமும் வந்திருந்தது. அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அண்டைக்கு நீங்கள் அந்தக் கவரை வெட்டாட்டி, அக்கா, அப்பாவை நான் போனிலைதான் பாத்திருப்பன்.”

மதாம் செலின் அமெரிக்கக்காரி ஆன கதை

மதாம் செலினும் அவர் கணவரும் புதுச்சேரிக்காரர்கள், பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பாரிஸை ஒட்டிய சென் தெனியில் வீடு. வங்கியிலிருந்து வந்த கடிதத்தோடு இருவரும் வெளிறிப்போய் வந்தார்கள். நீங்கள் அமெரிக்காவில் பிறந்தவர், உங்கள் அமெரிக்க வரி இலக்கம் வேண்டும், தராவிட்டால் கணக்கை மூடுவோம் என்று இருந்தது. ஓய்வூதியம் வருகிற கணக்கு அது. அம்மையாரின் தகப்பன் அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் இவர் பிறந்து, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு அந்தத் திசைக்கே போனதில்லை. “என் பெண்டாட்டி அமெரிக்கக்காரின்னு இத்தனை வருஷமா எனக்கே தெரியாதே!” என்றார் கணவர். “மூணு மாசக் குழந்தையா அங்க குடிச்ச பாலுக்கு இப்பக் கணக்குக் கேக்கறாங்களா?” என்றார் அம்மையார்.

பயப்பட ஒன்றுமில்லை என்றேன். தெரியாமல் விட்டவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. இலக்கத்துக்கு விண்ணப்பித்தோம், பழைய வருடங்களுக்குப் பத்திரம் போட்டோம். பிரெஞ்சு வரி ஏற்கெனவே கட்டியிருந்ததால் அமெரிக்காவுக்கு ஒன்றும் கட்ட வரவில்லை. கணவரின் ஓய்வூதியத்தை அதற்குள் இழுக்கவேயில்லை. வங்கியும் அடங்கியது. எல்லாம் முடிந்த பிறகு, விருப்பமென்றால் அந்தக் குடியுரிமையை விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அம்மையார் கணவரை மேலும் கீழும் பார்த்தார். “இருக்கட்டும்மா. இவரோட சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு எனக்கும் ஒரு நாடு வேணுமில்ல.”

எங்கள் வீட்டில்

என் சொந்தப் பத்திரத்தில், கணவருடைய இலக்கம் கேட்கிற இடத்தில் என்.ஆர்.ஏ. என்று மூன்று ஆங்கில எழுத்துத்தான் எழுதுவேன். ‘நான்-ரெசிடென்ட் ஏலியன்’, அதாவது அமெரிக்காவில் வசிக்காத அந்நியர் என்று அர்த்தம். அவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல் பொறுப்பு, வீட்டிலும் அகப்பை அவர் கையில்தான். போன முறை பின்னால் நின்று எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். ஏலியன் என்ற சொல்லைக் கேட்டு மகள், அப்பா வேற்றுக்கிரகவாசியாம் என்று பிரெஞ்சில் சொல்லிச் சோபாவில் விழுந்து சிரித்தாள். மனிசன் குசினிக்குள் போய், சாப்பாட்டுக் கோப்பையில் எனக்குச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: “இவ்வளவு காலமும் சமைச்சுப் போட்டும், நான் இன்னும் உமக்கு அந்நியனோ?”

இந்த மேசையில் இருந்து நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: கலியாணத்துக்குச் சாத்திரியார் பார்க்கிற பத்துப் பொருத்தத்தோடு இனிமேல் பாஸ்போர்ட் பொருத்தத்தையும் பதினோராவதாகச் சேர்க்க வேண்டும்.