அக்காவின் கண் மட்டம்

தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருடத் தொழிலில், குறை சொன்னவர்களிடம் உளியை நீட்டி, "நீயே செய்" என்று கிளம்பிவிடுகிறவர். பறவைகள் சரணாலயத்தில், சக்கர நாற்காலி குலுங்காமல் போக மரப்பாதை போட்டதும் அவர்தான்.

திறப்பதற்கு முந்தின நாள், நடக்க முடியாத தன் அக்காவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கோடியில் நிறுத்தி, "எப்படிக்கா இருக்கு?" என்றார்.

"பலகை பிரமாதம்டா."

"நாரையைப் பாருக்கா!"

"பலகைக்குப் பின்னாடி இருக்குன்னு நீ சொல்றே, நம்பிக்கிறேன்."

தச்சர் விருட்டென்று திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறான் என்றே அக்கா நினைத்தாள். ஆனால் அவர் கடப்பாரையோடு வந்து, அவள் பக்கத்தில் குந்திப் பார்த்தார். பாதையோரக் கைப்பிடிக்குக் கீழே அவர் அடித்த அகலப் பலகை கண்ணுக்கு நேராக நின்றது. எல்லாவற்றையும் நின்றபடியே அளந்திருக்கிறார்!

பலகையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, தன்னையே திட்டிக்கொள்ள வாயைத் திறந்தார்.

"உஸ்! கத்தாதேடா," என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். "பறந்துடப் போகுது."