ஜோஜிலாவில் ஒரு வைக்கோல் கயிறு

டேனியலை முதலில் பார்த்தது வாலாஜாபாத் ரைஸ் மில் வாசலில். பத்துச் சக்கர லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால் மட்டும். பேட்டி எடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும், "பேட்டியா? மொதல்ல அந்த ஸ்பேனர எடுத்துக் குடு தம்பி" என்று ஒரு கை நீண்டது. ஸ்பேனர் கைக்குப் போன பிறகுதான் கதை வெளியே வந்தது.

பெருநகர் என்ற ஊர்க்காரர். பதினாலு வருஷமாக அவர் ஓட்டியதெல்லாம் நெல்லும் வைக்கோலும்தான். 2023 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து கார்கில் மருத்துவமனை ஒன்றுக்கு ஒரு பாய்லர் போகவேண்டியிருந்தது. டிரைவர் கிடைக்காமல் முதலாளி புருஷோத்தமன் திண்டாடிக்கொண்டிருந்தபோது டேனியல் போய் முன்னால் நின்றார்.

"நான் போறன் முதலாளி."

"கொண்டுபோய்ச் சேத்தா இனிமே வடக்க போற லாங் லைன் உனுக்குத்தான். பாதில திரும்புனியோ, ஆயுசுக்கும் வைக்கோலுதான், பாத்துக்க."

ஒன்பதாம் நாள் காலை லாரி சோனமார்க்கில் நின்றது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஜோஜிலா கணவாய், அதைத் தாண்டினால்தான் கார்கில். மதியம் இரண்டு மணிக்குப் பாதையை மூடிவிடுவார்களாம். மறுபடி எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் வானத்தைக் காட்டினார்கள். பனியில் வழுக்காமலிருக்க டயரில் செயின் மாட்டாத லாரிக்கு அனுமதியே கிடையாது. ஜம்முவில் வாங்கிய செயின் ஒவ்வொன்றும் அரை மூட்டை நெல் கனம். துணை டிரைவர் சிவக்குமார் உத்திரமேரூர்க்காரன். அவனும் டேனியலும் செயினைப் பார்ப்பதே அதுதான் முதல் முறை. முன் சக்கரத்தில் மாட்டிவிட்டார்கள்.

சோதனைச் சாவடிப் போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம், செயின் அங்கேதான் வேண்டும் என்று கையைச் சுற்றிக் காட்டி, ஓரம் கட்டச் சொன்னார்.

"மானம் போச்சுண்ணா."

"மானம் கெடக்குது. வெரலு அஞ்சும் கீதா எண்ணிப் பாருடா."

கழற்றி, பனியில் விரித்து, லாரியைப் பின்னால் உருட்டி அதன்மேல் ஏற்றி, கொக்கி மாட்டி முடிக்க மணி பன்னிரண்டரை. போலீஸ்காரர் கையசைத்தார். லாரி கிளம்பியது. ஐம்பதடி போனதும் டேனியல் நிறுத்தி இறங்கிவிட்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"இன்னாண்ணா பேஜார் பண்ற? மணி ஆவுது!"

"வைக்கோலு லோடு கட்டிக்கினு கெளம்புனா, ஏரிக்கரை திரும்புறதுக்குள்ள எறங்கி இன்னொரு வாட்டி கயிறு இறுக்குவியா, மாட்டியா?"

"அது வைக்கோலு. இது இரும்புண்ணா!"

"எதுவா இருந்தா இன்னா? குலுங்குனா தளரும்."

தளர்ந்துதான் இருந்தது, நாலு விரல் அளவுக்கு. கொக்கியை இரண்டு கண்ணி தள்ளி மாட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து வைக்கோல் கயிற்றை உருவி, வெளிப்பக்கச் செயினைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். அதற்குள் பஞ்சாப் லாரி ஒன்று கிண்டலாக ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

மூன்றாவது வளைவில் அதே லாரி பாதைக்குக் குறுக்கே நின்றது. தளர்ந்த செயின் கழன்று பின்னால் கிடக்க, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மணி ஒன்றேகால். மேலேயிருந்து ஒரு ராணுவ வீரர், எல்லோரும் திரும்பிப் போங்கள் என்று கைகாட்டினார்.

டேனியல் கதவைத் திறந்தார். இங்கிருந்து திரும்பினால் ஆயுசுக்கும் வைக்கோல்! மிச்சக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தார். வீரரிடம் பத்து விரலைக் காட்டினார்: பத்தே நிமிஷம். அவர் வாட்சைப் பார்த்துத் தலையாட்டினார்.

பனியைத் தோண்டி, செயினைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து மாட்டினார்கள். கயிறு போட்டார்கள். பஞ்சாப்காரர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனார், "பத்தடி! பத்தே அடி!" என்று டேனியல் தமிழிலேயே கத்தினார். எப்படியோ புரிந்தது. பத்தடி உருண்டு நின்றது. மறுபடி இறுக்கினார். இப்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன்கூட இல்லை.

லாரி உறுமியது, ஒருமுறை வழுக்கியது, பிடித்துக்கொண்டது.

"ஏறுதுண்ணா! ஏறுது பாரு!" சிவக்குமார் பனியில் குதித்துக் குதித்து விழுந்தான்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜோஜிலா பின்னால் போனது. மறுநாள் கார்கிலிலிருந்து போன். "பாய்லர் எறக்கியாச்சு முதலாளி." "மொதல்ல போய் நாஷ்டா துன்னுடா" என்றார் புருஷோத்தமன்.

டேனியலுக்கு இப்போது நாற்பது வயது. லாங் லைன் லாரி அவருடைய பொறுப்பில் இருக்கிறது. கார்கிலுக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் போய்வந்துவிட்டார். இந்த வாரம் லூதியானாவில் லோடுக்குக் காத்திருக்கிறார்.