இடுப்பில் மூன்று மிதி

எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த இடுப்பு வலி எத்தனை நாளா இருக்குது?" நானும் ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவரிடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். இன்னொருவரிடம் ஆபீஸ் நாற்காலியின் மேல் பழியைப் போட்டேன். உள்ளதைச் சொன்னால் என் நண்பனைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதற்கு இதுவரை எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் இருவருக்கும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவன் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகலெல்லாம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வான். இடுப்பு நன்றாக இருந்தால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும்.

சாயங்காலம் இருவரும் தேகப்பயிற்சிக் கூடத்துக்குப் போவோம். கூடம் என்றால் குளத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகை, அவ்வளவுதான். சுவரில் ஆஞ்சநேயர் படம் மாட்டியிருந்ததால் தோல் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. செருப்பும் வெளியே, பெல்ட்டும் வெளியே. எடை தூக்கும்போது இடுப்பில் பழைய வேட்டியை நாலு சுற்று இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அவனுக்குக் கட்டிவிடுவது நான்தான்.

அந்தக் காலத்துப் போட்டிகளில் பிரஸ் என்று ஒரு வகை இருந்தது. எடை மாட்டிய கம்பியை மார்புவரை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவர் கை தட்டியதும் முழங்காலை மடக்காமல், கையின் பலத்தால் மட்டும் தலைக்கு மேலே ஏற்ற வேண்டும். சட்டப்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆனால் யார் நின்றார்கள்? வயிற்றை முன்னால் தள்ளி, நெஞ்சு கூரையைப் பார்க்கும்படி பின்னால் சாய்ந்துவிட்டால் பத்து கிலோ கூடுதலாக ஏறும். மெட்ராஸில் ஒரு போட்டியில் இதைப் பார்த்துவிட்டு வந்து, நானே கண்டுபிடித்த மாதிரி கூடத்தில் அளந்துகொண்டிருந்தேன். சில வருஷம் கழித்து பிரஸ்ஸையே போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நண்பன் முதலில் தயங்கினான். "இடுப்பு ஒடிஞ்சிடும் போல இருக்குதுபா."

பதில் சொல்ல எனக்கா தெரியாது? "நீ நாள் பூரா முன்னால குனிஞ்சிக்கினு உக்கார்ற. பின்னால சாஞ்சா அதுதாம்பா மருந்து. குனிஞ்சதுக்கும் சாஞ்சதுக்கும் சரியாப் பூடும்."

அங்கே இன்னும் நாலைந்து நெசவுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து எல்லோரும் சாய ஆரம்பித்தார்கள். பேனா பிடிக்கிறவன் சொன்ன வைத்தியம்!

வைகாசித் திருவிழாவை ஒட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பத்து நாளைக்கு முன்னால், வேறு யாரும் வராத ஒரு சாயங்காலம், நான் சாய்ந்து தூக்கினேன். இடுப்புக்குள் ஏதோ நழுவியது. இடது கால் பெருவிரல்வரை சுளீரென்று ஒரு வலி இறங்கியது. கம்பியைப் போட்டுவிட்டு ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நாலுகாலில் கிடந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன? ஊருக்கு உபதேசம் பண்ணினவனே விழுந்தான் என்றால் சிரிக்க மாட்டார்களா? மறுநாள் முதல், "நீங்க தூக்குங்கபா, நான் பாத்துச் சொல்றேன்" என்று சுவரோரமாக நின்றுகொண்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நண்பன் ஒவ்வொரு தடவை சாயும்போதும் என் இடுப்பு வலித்தது. அப்படியும், "இன்னும் சாயி, இன்னும் சாயி" என்று கத்தியது நான்தான்.

போட்டியில் அவன் அதுவரை தூக்காத எடையைத் தூக்கினான். கைதட்டலில் மைதானம் அதிர்ந்தது. கம்பி தலைக்கு மேலே இருக்கும்போதே என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தான். இறக்கும்போது அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓடிப்போய் அவன் இடுப்பு வேட்டியை அவிழ்த்துவிட்டேன். அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தே வீட்டுக்குப் போனான்.

விடிந்ததும் அவன் மனைவி என் வீட்டு வாசலில் நின்றாள். "அண்ணா, அவரால எழுந்துக்கவே முடியல. நீங்க வந்து ஒரு மிதி மிதிச்சி உடுங்கண்ணா."

நான் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் சுளுக்கின இடத்தில் மூன்று தரம் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் எத்தனையோ முதுகுகளை மிதித்திருக்கிறேன். மிதித்து முடிக்கும்வரை மிதிக்கிறவன் வாய் திறக்கக்கூடாது என்பார்கள். அன்றைக்கு அந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று.

தறிக்குழியை ஒட்டிப் பாயில் குப்புறக் கிடந்தான். தறியில் பாதி நெய்த புடவையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவள் வெந்நீர் கொண்டுவர உள்ளே போனாள். முதல் மிதிக்கு அவன் உடம்பு வெட்டி இழுத்தது. இரண்டாவது மிதிக்கு ஒற்றைக் காலில் நின்றபோது என் இடுப்பிலும் அந்தச் சுளீர் இறங்க, தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் பாலாற்று மணலில் வெறுங்காலோடு நடக்க எனக்கு பயம். கால் வைத்ததும் அது முதுகு மாதிரி அமுங்கிக் கொடுக்கிறது.

பாயில் முகத்தை வைத்தபடியே அவன் கேட்டான். "ஒனக்கும் இடுப்பு பூட்ச்சி இல்ல?"

நான் தறிக் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து நாளா நீ கூடத்துல உக்காரவே இல்ல. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். நீயே வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ இன்னும் சாயி, இன்னும் சாயின்ன. சரி, நம்மாளே சொல்றான், பரவால்லாத வலிதாம்போலன்னு நெனச்சிக்கினேன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அவள் வெந்நீரோடு வந்து நின்றாள். 'இது சுளுக்கு இல்லம்மா, மிதிக்கக் கூடாது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவலாம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

"இன்னொரு மிதி பாக்கி இருக்குதுபா" என்றான் அவன்.

மிதித்தேன். அவன் கத்தவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கப்புறம் அவன் தறிக்குழிக்குள் இறங்கவே இல்லை.