மணிக்கயிறும் என் வலது தோளும்

கோயில்பிள்ளை வேலைக்கு வர்றவனுக்குப் படிப்பு வேணாம், பாட்டு வேணாம். சாமியாருக்கு முன்னாடி எழுந்திருக்கணும், கடைசி மெழுகுவத்தி அணைஞ்ச பிறகுதான் உட்காரணும், நடுவுல யாரு திட்டினாலும் "சரிங்க சாமி"ன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

எழுபதுகள்ல ஆரணியில எங்க மாதா கோயில்ல இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பீடத்துக்குத் துணி விரிக்கிறது, பூசைக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைக்கிறது, தூபத்துக்குக் கரி பத்த வைக்கிறது, பிரசங்க நேரத்துல உள்ள வர்ற நாயைச் சத்தமில்லாம விரட்டுறது, எல்லாம் நான்தான். அந்த நாய் விரட்டுறது இருக்கே, அது தனி வித்தை. சத்தம் போட்டா கோயிலே திரும்பிப் பார்க்கும், நாய் மட்டும் பார்க்காது.

எல்லாத்துக்கும் மேல மணி. காலையில ஆறு, பகல் பன்னெண்டு, சாயங்காலம் ஆறுன்னு மூணு வேளையும் திரிகால மணி அடிக்கணும். மூணு அடி, மாதாவுக்குச் சொல்ற 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் ஒரு தடவை சொல்ற நேரம் இடைவெளி, திரும்ப மூணு, இடைவெளி, திரும்ப மூணு, கடைசியில விடாம கொஞ்ச நேரம். இந்த வேலையோட ஒரு வீடும் உண்டு. மணிக்கூண்டை ஒட்டின ஓட்டு வீடு. அதுல நான், என் சம்சாரம் பிலோமினா, ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. வேலை போனா வீடும் போச்சு, அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. ஓட்டல்ல பரிமாறுறவங்க, பள்ளிக்கூடத்துல பெல் அடிக்கிறவங்க, கல்யாண மண்டபத்துக்குக் காவல் இருக்கிறவங்க, ஊருக்கெல்லாம் விசேஷம் நமக்கு மட்டும் வேலைன்னு ஓடுற எல்லாருக்கும் நான் சொல்றது புரியும்.

தேவிகாபுரம் பஸ்

ஞாயித்துக்கிழமை பூசைக்கு மூணு தடவை மணி. முதல் மணிக்கு ஊரு எழுந்திருக்கும், ரெண்டாவது மணிக்குப் பொம்பளைங்க பூ வைப்பாங்க, மூணாவது மணிக்குச் சாமியார் பீடத்துக்குப் போவாரு. அப்ப இருந்தவரு வயசான சாமியார். வெள்ளைத் தாடி, கையில கடிகாரம், ரெண்டும் அவரை விட்டுப் பிரியாது. நம்ம கஷ்டம் என்னன்னா, தேவிகாபுரம் பக்கத்துலேர்ந்து வர்ற நம்ம ஜனங்களுக்கு ஒரே ஒரு பஸ்தான். அது லேட்டானா அவங்களுக்குப் பாதிப் பூசை போயிடும். நான் மணிக்கூண்டு மேல ஏறி ரோட்டைப் பார்ப்பேன். புழுதி தெரிஞ்சாத்தான் மூணாவது மணி.

ஒரு ஞாயித்துக்கிழமை புழுதியையே காணோம். அன்னைக்கு அந்தப் பஸ்ல ஞானஸ்நானத்துக்கு ஒரு கைக்குழந்தை வரணும். கீழே சாமியார் பூசை உடுப்பெல்லாம் போட்டுகினு நிக்கிறாரு, பீடச் சிறுவன் என்னைப் பார்த்துக் கைகாட்டுறான், நான் மேல நின்னுகினு வானத்தைப் பார்க்கிறேன். ஒருவழியா பஸ் வந்துச்சு. ஒரு கையில புள்ளை, ஒரு கையில செருப்புன்னு அந்தத் தாய் ஓடி வர்றதைப் பார்த்த பிறகுதான் கயித்தை இழுத்தேன். பூசை முடிஞ்சு உடுப்பைக் கழட்டிக் கொடுத்துகினே சாமியார் கேட்டாரு: "ஏன்டா சவரிமுத்து, இந்தக் கோயில்ல பூசை ஆரம்பிக்கிறது நானா, பஸ் டிரைவரா?"

கையில் குழந்தை வைத்திருப்பவர்

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். சாயங்காலம் ஜெபத்துக்கு நம்மாளுங்க பாதின்னா, நெசவுத் தெருவிலேர்ந்து வர்ற இந்து ஜனங்க பாதி. கோயிலுக்குப் பின்தெருதான் நெசவுத் தெரு. வீட்டுக்கு வீடு தறி, பட்டுப் பாவு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் டக்கு டக்குன்னு சத்தம். அந்தத் தெருவுல ஏகாம்பரம்னு ஒருத்தரு, நல்ல நெசவுக்காரரு. அவரு சம்சாரத்துக்கு ஒரு நாள் காதுத் தோடு தொலைஞ்சு போச்சு. தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிற சாமி நம்ம அந்தோணியாருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. வந்து ஒரு மெழுகுவத்தி ஏத்தி வேண்டிகினு போச்சு அந்த அம்மா. மூணாம் நாளே தோடு தறிக்குழியில கிடைச்சுட்டுது!

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தூக்கு நிறைய சக்கரைப் பொங்கல். அந்த அம்மா அந்தோணியார் சுரூபச் சிலைக்கு முன்னாடி இலை போட்டுப் படைக்கப் போச்சு. "இங்க படையல் வழக்கம் இல்லீங்கம்மா"ன்னு பக்குவமா சொன்னேன். அந்த அம்மா கோவிச்சுக்கல. அந்தோணியாரை மேலும் கீழும் பார்த்துச்சு. அவரு கையில குழந்தை ஏசுவைத் தூக்கி வெச்சுகினு நிக்கிறாரு இல்லீங்களா, அதை நல்லாப் பார்த்துட்டு, தூக்கை என் கையில கொடுத்துச் சொன்னது: "வாஸ்தவந்தாங்க, கையில புள்ளைய வெச்சுகினு அவரு எங்க சாப்புடுவாரு? நீங்க சாப்புடுங்க, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒரு வாய் ஊட்டி வுட்ருங்க."

மணி ஊமையான நாள்

பெரிய வியாழக்கிழமை பூசையில அடிக்கிற மணியோட சரி, அதுக்கப்புறம் ஆண்டவர் உயிர்த்த பூசை வரைக்கும் மணி நாக்கு அசையக் கூடாது. ஜெபத்துக்குக் கூப்பிட மரக்கட்டையைத்தான் தட்டணும். அது கோயில் வாசலைத் தாண்டிக் கேக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை பகல் ரெண்டு மணி இருக்கும். காம்பவுண்டு கேட்டுல ஏகாம்பரமும் அவரோட அஞ்சாறு பேரும் வந்து நிக்கிறாங்க. முகமெல்லாம் வாடிப் போயிருக்குது.

"இன்னா அண்ணா, மணியே காணோம்?"னு கேட்டாரு. அப்பத்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. எங்க பகல் மணி கேட்டாத்தான் அந்தத் தெருவுல தறியை விட்டு எழுந்திருப்பாங்களாம், பொம்பளைங்க அந்த மணிக்குத்தான் சோறு வடிப்பாங்களாம். மணி வரும் வரும்னு தறியிலேயே உட்கார்ந்து கிடந்திருக்காங்க. எனக்கு ஒரே சங்கடமாப் போச்சு. நாம கடவுளுக்குன்னு அடிச்ச மணி, ஒரு தெருவுக்கே சோத்து மணியா இருந்திருக்குதே! இன்னைக்கு எங்க ஆண்டவர் செத்த நாள், அதனால மணி அடிக்க மாட்டோம்னு சொன்னேன். பிலோமினா ஜனங்களுக்குக் கொடுக்கக் காய்ச்சி வெச்சிருந்த கஞ்சியிலேர்ந்து ஆளுக்கு ஒரு சொம்பு ஊத்தினா. ஏகாம்பரம் குடிச்சு முடிச்சு, துண்டால வாயைத் துடைச்சுகினு சொன்னாரு: "நல்ல மனுஷன்ணா உங்க சாமி. சாவற அன்னைக்கும் ஊருக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லிட்டுப் போயிருக்காரு பாரு."

அதுக்கப்புறம் வருஷா வருஷம் பெரிய வியாழன் அன்னைக்கு நானே நெசவுத் தெருவுல போய், நாளையிலேர்ந்து மணி இல்லைன்னு வீடு வீடா சொல்லிட்டு வருவேன்.

நட்சத்திரம்

எண்பதுகள்ல பழைய சாமியார் மாற்றலாகிப் போனாரு, புதுச் சாமியார் வந்தாரு. வாலிபம், மோட்டார் சைக்கிள், எல்லாம் ஜல்தி ஜல்தி. கெட்டவர்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா எதுவும் நிக்கக் கூடாது அவருக்கு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மணிக்கூண்டுல நட்சத்திரம் கட்ட ஏணி மேல ஏறினேன். நட்சத்திரம் மேல நின்னுச்சு, நான் கீழ வந்துட்டேன். வலது தோளு கழண்டு தொங்குது. கட்டு போடுற வைத்தியர் மூங்கில் பத்தை வெச்சு, முட்டை வெள்ளைக்கருவைத் தடவிக் கட்டிட்டு, ரெண்டு மாசம் இந்தக் கையில ஒரு சொம்பு கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு.

மறுநாள் காலையில பிலோமினா மணியடிக்கப் போனா. அந்த மணி லேசுப்பட்டது இல்ல. முதல் இழுப்பு இழுத்தா, மணி திரும்பிச்சு, கயிறு மேல போச்சு, கயித்தோட இவளும் போயிட்டா. ரெண்டு காலும் அந்தரத்துல! "ஏசுவே!"ன்னு அவ போட்ட சத்தம்தான் அன்னைக்கு ஆரணிக்குத் திரிகால மணி. சாமியார் ஓடி வந்து பார்த்தாரு. அன்னைக்குப் பகல்லயே என்னைக் கூப்பிட்டு, தணிஞ்ச குரல்ல சொன்னாரு. மணி நிக்கக் கூடாது, அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு கலசப்பாக்கத்துல இருக்கான், பொங்கல் முடிஞ்சதும் அவனை வரச் சொல்லப் போறாராம், வீட்டை அவனுக்கு விட்டுக் கொடுக்கணும்னாரு. நியாயந்தான். "சரிங்க சாமி"ன்னேன். புள்ளைங்களை எங்க கூட்டினு போறதுன்னு யோசிச்சுகினே நடந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், கயிறு அறுத்த உள்ளங்கையில எண்ணெய் தடவிகினே பிலோமினா சொன்னா: "மணி என்னை மேல தூக்கினு போச்சு, சாமியாரு கீழ எறக்கி வுட்டுட்டாரு."

எரியாத நெருப்பு

அடுத்த நாள் பகல் பன்னெண்டுக்கு இடது கையால ஒரு தடவை முயற்சி பண்ணலாம்னு போனேன். எனக்கு முன்னாடியே மணிக்கூண்டுல ஏகாம்பரம் நிக்கிறாரு. லுங்கியை மடிச்சுக் கட்டி, கையில எச்சில் துப்பித் தேய்ச்சுகினு, "சும்மா இழுத்தா போதுமாண்ணா?"ன்னாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு. நாள் முழுக்கத் தறியில நாடாவை இப்படியும் அப்படியும் ஓட வைக்கிற கயித்தை இழுக்கிற கை! மூணு அடி ஏது, இடைவெளி ஏது, விடாம அடி அடின்னு அடிக்கிறாரு. நிறுத்துங்கன்னு நான் கத்துறது அவருக்குக் கேக்கவே இல்ல.

எடுத்த எடுப்புலயே விடாம மணி அடிச்சா ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான், எங்கயோ தீப்பிடிச்சுகிச்சு. பக்கத்து ரைஸ் மில்லுலேர்ந்து ஆளுங்க வாளியும் கையுமா ஓடி வர்றாங்க, பொம்பளைங்க குடத்தோட வர்றாங்க. மூட்டை தூக்குற ஒரு ஆளு ரெண்டு கையிலயும் வாளியோட மூச்சு வாங்க வந்து, எங்களைப் பார்த்து, கோயிலைப் பார்த்து, திரும்ப எங்களைப் பார்த்தான். ஏகாம்பரம் நெத்தி வேர்வையைத் துடைச்சுகினு, "மணி பன்னெண்டு ஆச்சுப்பா, வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு. அதுக்கு அவன் சொன்னான்: "பேஜாரு புடிச்சவங்களே, நெருப்பு எங்கன்னு காட்டு, இல்லன்னா குனிஞ்சு நில்லு. தூக்கினு வந்த தண்ணி வீணாப் போவக் கூடாது."

அரை விரல் அகலம்

அன்னைக்கே ஏகாம்பரத்தை உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். மூணு அடிக்கு அப்புறம் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்ற நேரம் விடணும்னேன். அவருக்கு மந்திரம் எங்க தெரியும்? நான் ஒரு தடவை சொல்லச் சொல்ல, அவரு கண்ணை மூடிகினு தறி மிதிக்கிற மாதிரி காலைத் தரையில மிதிச்சு மிதிச்சுப் பார்த்தாரு. "அரை விரல் அகலம் நெய்யிற நேரம்"னாரு. அதுக்கப்புறம் அடி பிசகவே இல்ல. காலையில ஒருத்தரு, பகல்ல ஏகாம்பரம், சாயங்காலம் ஒருத்தருன்னு தெருவே முறை வெச்சுகிச்சு. யாரும் என்னைக் கேக்கல, நானும் யாரையும் கூப்பிடல. பூசை வேலையை இடது கையாலயும் பிலோமினா கையாலயும் சமாளிச்சேன். சாமியார் எல்லாத்தையும் பார்த்துகினுதான் இருந்தாரு, ஆனா கலசப்பாக்கத்து ஆளை வேணாம்னு சொல்லல. பொங்கலும் வந்துச்சு, போச்சு.

ஒரு சனிக்கிழமை கலசப்பாக்கத்து ஆளு தகரப் பெட்டியோட வந்து எறங்கிட்டான். பிலோமினா பாத்திரத்தை எடுத்துச் சாக்குல போட ஆரம்பிச்சுட்டா. பெரியவ பள்ளிக்கூடப் பையைக் கட்டிப் புடிச்சுகினு வாசப்படியில நிக்கிறா. சாமியார் புது ஆளுக்கு மணிக்கூண்டைக் காட்ட வந்தாரு. மணி பன்னெண்டு. ஏகாம்பரம் உள்ள வந்து, யாரையும் கண்டுக்காம கயித்தைப் புடிச்சு மூணு அடி அடிச்சாரு. அடிச்சுட்டு, சும்மா நின்ன இடத்துலயே வலது காலு இடது காலுன்னு மாத்தி மாத்தித் தரையை மிதிக்கிறாரு. திரும்ப மூணு அடி, திரும்ப மிதி.

முடிஞ்சதும் சாமியார் கேட்டாரு, "காலுக்கு என்னங்க ஆச்சு?" "ஒண்ணும் இல்லீங்க சாமி, நடுவுல அரை விரல் அகலம் நெய்யிறேன். உங்க மந்திரம் அவ்ளோதாங்க நீளம்"னாரு ஏகாம்பரம். சாமியார் சிரிச்சுட்டாரு. "இவருக்காக நீங்க ஏங்க தறியை விட்டுட்டு வர்றீங்க?"ன்னு கேட்டாரு. ஏகாம்பரம் என்னைக் கைகாட்டினாரு. "இவரு மணிக்குத்தாங்க எங்க வீட்ல சோறு வடிக்கிறாங்க. மணி இல்லாத நாளைக் கூட இவரு வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போற மனுஷன். நீங்க யாரை வேணும்னாலும் வெச்சுக்குங்க சாமி, அது உங்க கோயிலு. ஆனா அந்தப் புது ஆளுக்குக் கை ஒடிஞ்சா எங்க தெருவுலேர்ந்து ஒருத்தனும் வர மாட்டான்."

சாமியார் அப்புறம் புது ஆளைத் தன் பங்களாவுக்குக் கூட்டினு போய், தன் பக்கத்துல உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டு, அடுத்த பங்குக் கோயில்ல வேலைக்குச் சொல்லி அனுப்பி வெச்சாரு. பிலோமினா சாக்குலேர்ந்து பாத்திரத்தை ஒண்ணொண்ணா எடுத்து அடுக்குறா, அழுதுகினே அடுக்குறா. நான் மாதா சுரூபத்துக்கு முன்னாடி போய் நின்னேன். அந்தத் தெருவு ஜனங்களுக்கு நான் என்ன பண்ணேன், மணியடிச்சேன், அதுவும் வேற யாருக்கோன்னு நினைச்சு அடிச்சேன்! பின்னாடி செருப்பில்லாத காலு சத்தம் கேட்டுத் திரும்பினா, சாமியார். அவரு சொன்னது இதுதான்: "ஒரு கோயில்பிள்ளையை மாத்த எனக்கு அதிகாரம் இருக்குது சவரிமுத்து. பின்தெரு முழுக்கக் கோயில்பிள்ளையா இருந்தா, நான் யாரைப்பா போய் மாத்துறது?"

தோளு சேர்ந்துச்சு, ஆனா கை இன்னைக்கும் காதுக்கு மேல போகாது; காலை மணியும் சாயங்கால மணியும் இடது கையால நானே அடிச்சேன், பகல் மணியை ஏகாம்பரம் கடைசி வரைக்கும் எனக்கு விட்டுக் கொடுக்கவே இல்ல.

ஆக, இந்த வேலையில நான் கத்துகினது இவ்வளவுதாங்க: மணியடிக்கிறவன் கை ஒடிஞ்சாலும் பரவாயில்ல, பக்கத்துத் தெருவுக்கு நேரத்துக்குப் பசிக்கணும்.