ஓடைக்குத் திரும்பிய குழித் தண்ணீர்

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே உள்ள கருங்கல் குவாரியில் சவுரியப்பனுக்கு ஒரே வேலை, குழியில் சேரும் தண்ணீரை மோட்டார் போட்டு வெளியேற்றுவது. கல் வெட்டுகிறவர்கள் கால் நனையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக வருஷக்கணக்கில் நனைந்துகொண்டிருக்கிற மனுஷன். வாய் கொஞ்சம் நீளம். மோட்டாரைத் திட்டுவார், டீசலைத் திட்டுவார், மனைவி லூர்துமேரி கட்டித் தரும் புளிச்சோற்றைத் திட்டிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவார். ஆனால் மோட்டார் மக்கர் பண்ணினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்கு ஒருத்தர் இப்படி இருந்தால் நல்லதுதான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். குவாரி வருவதற்கு முன்பு மலையிலிருந்து இறங்கும் ஓடை நேராகக் கீழே உள்ள ஊருக்குப் போய் ஏரியில் விழும். கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி ஓடையை மறித்துவிட்டார்கள். அப்புறம் மழைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் எல்லாம் குழிக்குள் இறங்கியது. சவுரியப்பன் அதை இறைத்து மறுபக்கம் ரோட்டோரப் பள்ளத்தில் விட்டார். வறண்ட ஏரியில் வேலிக்காத்தான் முள் மண்டிவிட்டது. நினைத்தால் அவருக்கு மனசு உறுத்தும். சம்பளம் வாங்குகிறவன் என்ன செய்துவிட முடியும் என்று தன்னையும் ஒரு திட்டுத் திட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

இந்த வருஷம் மழை ஏமாற்றியதால் ஊரில் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத் தெருவாக இழுத்துப் போய், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, எல்லையில் கொளுத்தினார்கள். அப்படிச் செய்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. அதே நாளில் ரோட்டோரப் பள்ளம் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. சரிசெய்யும் வரைக்கும் இருக்கட்டும் என்று சவுரியப்பன் ஓஸ் பைப்பைத் தூக்கி, கற்குவியலுக்கு அந்தப் பக்கம் பழைய ஓடையில் போட்டார்.

விடிந்தபோது ஓடையில் தண்ணீர் ஓடியது. மலையில் நல்ல மழை, ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று ஊரே கரையில் கூடிவிட்டது. அம்மன் கோயில் பூசாரி நஞ்சப்பன் தண்ணீரில் காலை வைத்ததும் அழுதுவிட்டாராம். சவுரியப்பனின் டீக்கடைச் சிநேகிதர் அவர். மறுநாளே நர்சரியில் தக்காளி நாற்று வாங்கி வந்து நட்டார். மற்றவர்களும் நிலத்தைத் தயார் பண்ணத் தொடங்கினார்கள்.

சவுரியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஊர் முழுக்கத் தக்காளி வைத்தால் குழித் தண்ணீர் பாதியிலேயே தீர்ந்துவிடும், நட்டதெல்லாம் கருகும். உண்மையைச் சொன்னால் ஆத்தாவின் பெயரைக் கெடுத்தவன் என்பார்கள், அதுவும் கழுத்தில் சிலுவை போட்டவன். சொல்லாவிட்டால் சிநேகிதன் குடியைக் கெடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நஞ்சப்பனின் தோட்டத்துக்குப் போனார்.

"நஞ்சப்பண்ணே, அது மழைத் தண்ணி இல்லீங்க. குழித் தண்ணி. நாந்தான் ஓஸத் தூக்கி இந்தப் பக்கம் போட்டேன்."

நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த நஞ்சப்பனின் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குழிக்குள்ள போனது மட்டும் யார் தண்ணி? எங்க ஓடைத் தண்ணிதான?" என்றார் நஞ்சப்பன். "ஆத்தா மோட்டார்ல வரக் கூடாதுன்னு சட்டமா இருக்குது? எத்தினி நாளைக்குத் தாங்கும், அதச் சொல்லு சவுரி."

ராகி என்றால் கதிர் பிடிக்கிற வரைக்கும் ஒப்பேற்றலாம், தக்காளிக்கு ஆகாது என்றார் சவுரியப்பன். அன்று சாயங்காலமே நஞ்சப்பன் ஊரைக் கூட்டி உள்ளதை உள்ளபடி சொன்னார். சிலர் முகம் சுருங்கியது, சிலர் சவுரியப்பனை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மறுநாள் நஞ்சப்பன் தான் நட்ட தக்காளியின் மேலேயே டிராக்டரை விட்டு உழுது ராகி விதைத்தார். அதற்குப் பிறகு மற்றவர்களும் ராகியே விதைத்தார்கள். கற்குவியல் மேல் நின்று அதைப் பார்த்த சவுரியப்பன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

பள்ளம் சரியானதும் குவாரி சூப்பர்வைசர் பூவரசன் வந்து, ஓஸைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னான். வேலை போனாலும் போகட்டும் என்று சவுரியப்பன் முடியாது என்றார். நானே மாற்றிக்கொள்கிறேன் என்று பூவரசன் விறுவிறுவென்று கற்குவியலில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினான். சவுரியப்பனும் பின்னாலேயே ஓடினார்.

ஓஸ் வாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து வேப்பிலை கட்டியிருந்தது. முன்னால் ஒரு கல், எலுமிச்சம்பழம், எரிந்து முடிந்த கற்பூரம். சவுரியப்பனுக்கே அது தெரியாது. கீழே வயலில் நஞ்சப்பன் இந்தப் பக்கம் திரும்பாமல் ரொம்ப மும்முரமாக வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

பூவரசன் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"ராகி அறுக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்ணே" என்று ஷூவைக் கழற்றி வைத்துக் கும்பிட்டான். சவுரியப்பன் பக்கத்தில் நின்று, வேறு ஒன்றும் தோன்றாமல், சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.